புகார் கொடுத்தாயிற்று; பிறகு நகராட்சிக்குள் என்ன நடக்கிறது?

தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சியில் போய்ச் சொல்கிறோம். 'பார்க்கிறோம்' என்கிறார்கள். ஒரு வாரம் கழித்தும் தெரு இருட்டாகவே கிடக்கிறது. நாம் சொன்னதற்கும் விளக்கு எரிவதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது, அல்லது எதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாததால் தவறான கதவைத் தட்டுகிறோம். கதவைத் திறந்தவர் யாராக இருந்தாலும் அவரைத் திட்டிவிட்டு வருகிறோம்.

இங்கே பேசப்போவது சிறு நகரங்களைப் பற்றி. மாநகரம் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துறை, துறைக்கு ஒரு கட்டடம். சிறு நகரத்தில் ஒரே பொறியாளர் காலையில் குடிநீர்க் குழாயையும் மதியம் சாலையையும் மாலையில் பூங்கா வேலியையும் பார்த்துக்கொண்டிருப்பார். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், பதவிகளின் பெயர் மாறும். ஆனால் ஒரு புகார் உள்ளே போய் வேலையாக வெளியே வருகிற வழி எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அது அடைத்துக்கொள்ளும் இடங்களும் அப்படியே.

மன்றம் ஒன்று, அலுவலகம் ஒன்று

நகராட்சி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு அமைப்புகள். ஒன்று, மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம். வரி எவ்வளவு, எந்த வேலைக்குப் பணம், என்ன விதி என்பதை முடிவு செய்வது அது. இன்னொன்று, சம்பளம் வாங்கும் அதிகாரிகளும் பணியாளர்களும் இருக்கும் அலுவலகம். முடிவானதைச் செய்து முடிப்பது அது. தேர்தல் வந்தால் மன்றம் மாறும். அலுவலகம் அப்படியே இருக்கும்.

இந்தப் பிரிவினையை வெளிப்படையாகச் செய்து பார்த்ததில் அமெரிக்கச் சிறு நகரங்களுக்குப் பங்கு உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரம் 1908இல் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கத் தனியாக ஒரு மேலாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1913 மார்ச்சில் ஒஹாயோவின் டேட்டன் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. பழைய நிர்வாக முறை போதாது என்ற எண்ணம் வலுத்து, அடுத்த ஆண்டே அந்த நகரமும் மேலாளர் முறைக்கு மாறியது. கொள்கையை மன்றம் சொல்லட்டும், எந்தச் சாக்கடையை எப்போது தூர்வாருவது என்பதைத் தொழில் தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் இதற்குப் பின்னால் இருந்த எண்ணம்.

புகார் கொடுக்கப் போகிறவருக்கு இந்தப் பிரிவினை தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்துபோனால் அது அலுவலகத்தின் வேலை. அதற்காக வார்டு உறுப்பினரைத் தேடிப் போக வேண்டியதில்லை. தெருவில் விளக்குக் கம்பமே இல்லை என்றால் அது புகாரில் சேராது, அது கோரிக்கை. புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டும், ஒதுக்குவது மன்றம். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த நள்ளிரவுக்குப் பிறகு எல்லாத் தெருவிளக்குகளையும் அணைத்துவிடலாமா என்பது ஊர் முழுவதையும் தொடும் கொள்கை; அதைக் கூட்டத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும். மூன்றையும் ஒரே சன்னலில் ஒரே மாதிரித் தாளில் எழுதிக் கொடுக்கிறோம் என்பதுதான் தொல்லை. கோரிக்கையைப் புகார் என்று பதிவு செய்துவிட்டால் அது யாரோ ஓர் இளநிலைப் பொறியாளரின் மேசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருக்குச் சரி என்று சொல்லவும் அதிகாரம் இல்லை, முடியாது என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. ஆகவே சும்மா இருப்பார்.

இது யாருடைய வேலை?

ஒரு நகராட்சி எப்படிப்பட்டது என்பது புகாரை வாங்கும் இடத்தில் தெரியாது. வாங்கும் இடத்தில் எல்லோரும் இனிமையாகத்தான் பேசுவார்கள். வாங்கிய புகாரைப் பிரித்து அனுப்பும் இடத்தில்தான் அதன் குணம் தெரியும் என்பது என் கணிப்பு.

1985இல் உருவான ஐரோப்பிய உள்ளாட்சி சாசனம், பொதுப் பொறுப்புகளைப் பொதுவாக மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அமைப்புகளே ஏற்க வேண்டும் என்கிறது. நல்ல கொள்கை. நடைமுறையில் அருகில் இருப்பவரின் கைக்குப் பொறுப்பு அரைகுறையாகத்தான் வந்து சேர்கிறது. ஊர் நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமாக இருக்கும். அதன் ஓரத்து நடைபாதை நகராட்சிக்கு. கம்பம் மின் நிறுவனத்துடையது, அதில் மாட்டிய விளக்கு நகராட்சியுடையது. ஆற்றங்கரை ஒரு துறையின் பொறுப்பு, கரையில் கொட்டிய குப்பை இன்னொரு துறையின் பொறுப்பு. இரவு நேர இரைச்சலைப் பல ஊர்களில் காவல்துறைதான் கேட்க முடியும். இந்த எல்லைகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. தெருவில் நிற்பவரின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

'அது எங்கள் வேலை இல்லை' என்ற பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா? கேட்டவர் எங்கே போக வேண்டும் என்று சொல்லாத பதில், பதில் கணக்கில் சேராது. ஒழுங்கான அலுவலகம் மனுவைத் தானே உரிய துறைக்கு அனுப்பிவைத்து, எந்தத் தேதியில் எந்த எண்ணில் அனுப்பியது என்பதை மனுதாரருக்குத் தெரிவிக்கும். கூடுதலாக ஒரு கடிதம், அவ்வளவுதான் செலவு.

அமெரிக்காவில் 311 என்ற தொலைபேசி எண் இதற்காகத்தான் பரவியது. 1996இல் பால்டிமோரில் அவசரமில்லாத காவல்துறை அழைப்புகளுக்காகத் தொடங்கியது. 1999இல் சிகாகோ அதை நகரத்தின் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான எண்ணாக்கியது. 2003இல் நியூயார்க் தொடர்ந்தது. எந்தத் துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று குடிமக்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், பிரிக்கும் வேலையை நகரமே செய்யட்டும் என்பதுதான் ஏற்பாடு.

சிறு நகரத்துக்கு இப்படி ஓர் அழைப்பு மையம் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. முகப்பில் ஊரை நன்றாக அறிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தாலே காரியம் நடக்கும். எந்தக் கம்பம் யாருடையது, எந்தச் சந்து எந்த வார்டு, எந்த வாய்க்காலுக்கு யாரிடம் சாவி என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆபத்து ஒன்றே ஒன்று: அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அவருக்குத் தெரிந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும் நகராட்சி அரிது.

ஒரே பள்ளம், மூன்று புகார்கள்

ஒரு தெருமுனையை எடுத்துக்கொள்வோம். சாலையில் பள்ளம் என்று ஒருவர் புகார் கொடுக்கிறார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர், மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்கிறார். சரிவின் கீழே இருக்கும் வீட்டில், குழாயைத் திறந்ததும் முதல் சில நிமிடங்கள் கலங்கலாக வருகிறது என்கிறார்கள். அலுவலகத்தில் இவை மூன்று பதிவேடுகளில் ஏறுகின்றன: சாலை, குடிநீர், சுகாதாரம்.

சாலைப் பணியாளர்கள் வந்து பள்ளத்தில் தார்க்கலவையைக் கொட்டி மிதித்துவிட்டுப் போகிறார்கள். குடிநீர்ப் பிரிவினர் வால்வைச் சோதிக்கிறார்கள். முழுதாகத் திறந்தே இருக்கிறது. சுகாதார ஆய்வாளர் தண்ணீர் மாதிரி எடுக்கிறார், குளோரின் அளவைக் கூட்டச் சொல்கிறார். மூவரும் தங்கள் வேலையைச் செய்தாயிற்று. மூன்று புகார்களும் முடிந்தவையாகக் கணக்கில் சேர்ந்தாயிற்று. அடுத்த மாதம் அதே இடத்தில் சாலை மறுபடி உள்வாங்குகிறது.

தரைக்கடியில் இருப்பது பழைய குழாயின் ஓர் இணைப்பு. அது கசிகிறது. கசியும் நீர் சுற்றியுள்ள மண்ணை அரித்துக்கொண்டு போவதால் மேலே சாலைக்குப் பிடிமானம் இல்லை. கசிவினால் அழுத்தம் குறைவதால் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. குழாயில் தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் உள்ளே அழுத்தம் விழுந்து, வெளியே தேங்கிய சேற்றுநீர் அதே ஓட்டை வழியாக உள்ளே புகுகிறது. அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அந்தக் கலங்கல்தான். மூன்றாவது புகார்தான் அவசரமானது, ஏனென்றால் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் ஓடினால் என்ன கலக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகையில் படம் வருவது பள்ளத்துக்குத்தான்.

மூன்று புகார்களையும் ஒரே வரைபடத்தில் புள்ளியாக வைத்திருந்தால் இது ஒரு நாள் வேலை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறோம் என்று கவனிக்கும் பொறியாளர், தாருக்குப் பதில் கசிவு பார்க்க ஆள் அனுப்புவார். அதற்குப் பெரிய கருவி கூட வேண்டாம். தெரு அடங்கிய இரவில் ஓர் உலோகக் கோலின் ஒரு முனையை வால்வின் மீது ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய முறை. கசியும் குழாய் இரைவது கோல் வழியே கேட்கும். சிறு நகரத்தில் மூன்று பிரிவுகளும் ஒரே கூடத்தில்தான் இருக்கின்றன, சில சமயம் ஒரே ஆள்தான். அப்படி இருந்தும் பதிவேடுகள் தனித்தனியாக இருப்பதால் அவர் மூன்று முறை மூன்று ஆளாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

புகாரைத் தீர்த்துவைக்க வேண்டிய தொல்லையாக மட்டும் பார்க்கும் அலுவலகம் கடைசிவரை பள்ளத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கும். காசில்லாமல் ஊர் முழுக்க மேற்பார்வை செய்துதரும் ஆட்கள் புகார்தாரர்கள் என்பது விளங்கிய அலுவலகமே குழாயைத் தோண்டும்.

கோப்பு மூடிய பிறகு

அதே பால்டிமோரில் 2000ஆம் ஆண்டு மேயராக இருந்த மார்ட்டின் ஓ'மாலி, துறைத் தலைவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைத்து எண்களை முன்னால் வைத்துக் கேள்வி கேட்கும் சிட்டிஸ்டாட் என்ற முறையைக் கொண்டுவந்தார். சாலைப் பள்ளத்தை 48 மணி நேரத்தில் சரிசெய்வோம் என்ற உறுதிமொழி அதன் பெயர்பெற்ற விளைவு. பல நகரங்கள் இதைப் பின்பற்றின. எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாலே வேலை வேகம் பிடிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். புகாரை மூட எத்தனை நாள் ஆனது என்பதை மட்டும் எண்ணினால், பணியாளர் மூடுவதில் கெட்டிக்காரராகிவிடுவார். நம் தெருமுனையில் மூன்று புகார்களும் காலக்கெடுவுக்குள் மூடப்பட்டவைதாம். அந்த மாத அறிக்கையில் நகராட்சிக்கு நூற்றுக்கு நூறு. சராசரி நாள் கணக்கைவிட, மூடிய புகார்களில் எத்தனை திரும்பத் திறக்கப்பட்டன என்ற கணக்கே எனக்கு நம்பகமாகப் படுகிறது. அதை வெளியிடும் நகராட்சியைக் கண்டால் கொஞ்சம் நம்பலாம். மூடுவதற்கு முன் புகார் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது என்ற எளிய விதி இருந்தால் பாதிப் பிரச்சினை எழாது.

முடியாது என்று சொல்வதும் ஒரு தீர்வுதான் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'இந்த ஆண்டு நிதி இல்லை, இந்தக் காரணத்தால் இந்தத் தெருவுக்கு முன்னுரிமை கொடுக்க முடியவில்லை' என்று எழுத்தில் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம், மன்றத்தில் கேள்வி எழுப்பலாம். 'பரிசீலனையில் உள்ளது' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வாய் திறக்காத தெருக்கள்

பாஸ்டன் நகரம் 2012இல் ஸ்ட்ரீட் பம்ப் என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. வண்டி குலுங்குவதைக் கைப்பேசி உணர்ந்து, பள்ளம் இருக்கும் இடத்தை நகரத்துக்குத் தானே சொல்லிவிடும். யாரும் மனு எழுத வேண்டாம். கேட்க நன்றாக இருந்தது. ஸ்மார்ட்போன் வைத்துக் கார் ஓட்டுபவர்கள் போகும் தெருக்களின் பள்ளங்கள்தாமே இப்படிப் பதிவாகும், முதியவர்களும் ஏழைகளும் வாழும் தெருக்கள் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது.

செயலி இல்லாத ஊரிலும் இதே கதைதான். எழுதத் தெரிந்தவர், நேரம் இருப்பவர், அதிகாரியிடம் பேசத் தயங்காதவர் வாழும் தெருவிலிருந்து புகார்கள் குவியும். வாடகைக்கு இருப்பவர்கள், இரவுப்பணிக்குப் போகிறவர்கள், ஊருக்குப் புதிதாக வந்து குடியேறியவர்கள் வாழும் தெருவிலிருந்து ஒன்றும் வராது. புகார் வராத தெருவை நல்ல தெரு என்று எடுத்துக்கொள்ளும் நகராட்சி, பணத்தைக் கத்துகிறவர் பக்கமே கொட்டிக்கொண்டிருக்கும்.

உடைந்துபோகிற பொருள்களைவிட, சமூகச் சேவைகளில் இந்தக் கோளாறு அதிகம். நூலகம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர் எவரும் அங்கே காலடி வைக்க முடியாது. வருபவர்களுக்கு நேரத்தில் குறை இல்லை, குறை இருப்பவர்கள் வருவதில்லை. ஆகவே புகார் பெட்டி காலி. பூங்காவில் கழிவறை பூட்டியிருந்தால் முதியவர்களும் பெண்களும் சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடுவார்கள். பூங்காவுக்கு ஆள் வருவதில்லை என்று சொல்லிக் காவலாளியையும் எடுத்துவிடுவார்கள். இதற்கெல்லாம் புகாருக்காகக் காத்திராமல் நடந்து போய்ப் பார்ப்பது ஒன்றே வழி. மாதத்துக்கு ஒரு வார்டு என்று அதிகாரியும் உறுப்பினரும் சேர்ந்து நடந்தாலே போதும்.

2007இல் பிரிட்டனில் மைசொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே புகார் எல்லோர் கண்ணுக்கும் படும்படி வரைபடத்தில் நிற்கும். பக்கத்துத் தெருக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரா, பதில் வந்ததா என்பது எல்லோருக்கும் தெரியும். மூடிய கோப்பில் கிடக்கும் புகாருக்கு அந்த வலு இல்லை.

பணம் எங்கே போகிறது

சிறு நகரத்தின் வருமானத்தில் பெரும்பகுதி சம்பளம், தண்ணீர் இறைக்கும் மின்சாரம், குப்பை அள்ளுவது போன்ற நிறுத்த முடியாத செலவுகளுக்கே போய்விடும். மேலிருந்து வரும் மானியம் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்குத்தான் வரும்; கட்டியதைப் பராமரிக்க வராது. புதுப் பூங்கா திறப்பு விழா கண்டு, மூன்றே ஆண்டில் புதர் மண்டுவதன் ரகசியம் இதுதான். திறந்துவைக்கக் கல்வெட்டு உண்டு, புல் வெட்டுவதற்குக் கல்வெட்டு கிடையாது.

ஆகவே கோரிக்கை வைப்பவர் காலம் பார்த்து வைக்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். தயாராகும்போது கொடுத்தால் இந்த ஆண்டே இடம் பிடிக்கலாம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் இன்னும் ஒரு படி மேலே போய், புதிய பணிகளுக்கான பணத்தை எந்தப் பகுதியில் எதற்குச் செலவிடுவது என்பதைக் குடியிருப்போர் கூட்டங்களிலேயே பேசி வரிசைப்படுத்தும் முறையைத் தொடங்கியது. பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் என்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது அதுதான். இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது, ஆனால் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும். அதற்குக் கீழே உள்ள ஊர்களில் அத்தகைய குழு வேண்டுமா என்பதை மாநிலச் சட்டம்தான் சொல்ல வேண்டும். சிறு ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், குழு எதற்கு என்று நினைத்தார்கள் போலும்.

மனுவை எப்படி எழுதுவது

சுருக்கமாக எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம். விளக்கும் குப்பையும் நாயும் ஒரே தாளில் இருந்தால் அது மூன்று பிரிவுகளுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: 'எங்கள் தெருவில்' என்பதைவிடக் கம்பத்தின் எண்ணோ கதவு எண்ணோ பயன்படும். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், யாருக்கு என்ன பாதிப்பு என்பதையும் சேருங்கள். அதிகாரியின் குணநலன் பற்றிய வாக்கியங்களை வெட்டிவிடுங்கள். அவை சரியாக இருந்தாலும் வேலைக்கு உதவாது. இதற்கு முன் கொடுத்த புகாரின் எண் இருந்தால் முதல் வரியிலேயே போடுங்கள். பதிவு எண்ணும் தேதியும் வாங்காமல் சன்னலை விட்டு நகராதீர்கள்.

காலக்கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் அடுத்த நிலை அதிகாரிக்குப் பழைய எண்ணோடு எழுத வேண்டும். அதன் பிறகு மன்ற உறுப்பினர்; அவர் கூட்டத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் பதிவாகும் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். அதற்கும் மேலே பல நாடுகளில் குறைதீர்ப்பாளர் என்ற சுதந்திரமான பதவி உண்டு. ஸ்வீடன் 1809இலேயே நாடாளுமன்றத்தின் சார்பில் அப்படி ஒருவரை ஏற்படுத்தியது. இங்கிலாந்தில் உள்ளாட்சிகளுக்கென்று தனிக் குறைதீர்ப்பாளர் முறை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இவர்களிடம் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நகராட்சி எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர்கள் பொதுவாக விசாரிப்பதில்லை. முடிவெடுத்த விதத்தில் கோளாறு இருந்ததா, காரணமின்றித் தாமதித்தார்களா, விதியை மீறினார்களா, பதிலே சொல்லாமல் விட்டார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். நகராட்சியிடமே முதலில் முறையிட்டிருக்க வேண்டும் என்றும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவு எண்ணும் தேதியும்தான்.